14 பேர், ஒரே நேரம்: கப்பலில் ராத்திரி சாப்பாடு எங்களுக்கு எப்படி அமைந்தது

அப்பாவின் பீமரத சாந்தியைத் தை மாதம் திருக்கடையூரில் முடித்தோம். அப்போதே அத்தை, "எல்லாரும் ஒண்ணா இருக்கோம், இப்படியே எங்கேயாவது போயிட்டு வரலாமே" என்றார். அது பேச்சோடு நிற்காமல் மே மாத விடுமுறையில் 14 பேர் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய், அங்கே கப்பல் ஏறி, நான்கு ராத்திரி இருந்துவிட்டு வந்தோம். பினாங்கு, புக்கெட், ஒரு நாள் முழுக்கக் கடல், மறுபடி சிங்கப்பூர். அறை, நீச்சல் குளம், இரவு நிகழ்ச்சிகளைப் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. நான் எழுத வந்தது ராத்திரி சாப்பாட்டைப் பற்றி மட்டும். ஏனென்றால் பகலில் ஆளுக்கொரு பக்கம் போய்விடும் குடும்பம் ஒன்றாக உட்காருவது அந்த ஒரு வேளைதான், நாங்கள் போனதே அதற்காகத்தான்.

முதலில் தெரியாதவர்களுக்காக. கப்பலின் பெரிய உணவகத்தில் ராத்திரி சாப்பாடு இரண்டு விதம். பழைய முறையில் இரண்டு பந்தி இருக்கும், முதல் பந்தி மாலை ஐந்தரை ஆறு வாக்கில், இரண்டாவது எட்டு மணி வாக்கில். தினமும் அதே டேபிள், அதே வெயிட்டர். இன்னொன்று ஃப்ளெக்ஸிபிள் டைனிங், உணவகம் திறந்திருக்கும் மூன்று நான்கு மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம், எங்கே டேபிள் காலியோ அங்கே உட்கார வைப்பார்கள். நார்வீஜியன் கம்பெனி 2000-ல் ஃப்ரீஸ்டைல் என்று இதை ஆரம்பித்தது. இப்போது ராயல் கரீபியனில் மை டைம், கார்னிவலில் யுவர் டைம் என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது.

கேட்கும்போது இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்றுதான் தோன்றும். எங்களுக்கு டிக்கெட் போட்ட ஏஜென்டும் அதையேதான் சொன்னார்: "மேடம், எல்லாம் ஃப்ளெக்ஸிபிள், கவலையே வேண்டாம், எப்ப பசிக்குதோ அப்ப சாப்பிடுங்க." இரண்டு பேருக்கு அது சரி. நான்கு பேருக்கும் சரி. 14 பேருக்கு அப்படி இல்லை, இதை அவர் சொல்லியிருக்க வேண்டும். ஃப்ளெக்ஸிபிள் பக்கத்தில் பெரும்பாலும் இரண்டு பேர், நான்கு பேர் உட்காரும் சின்ன டேபிள்கள்தான். எங்கள் கப்பலின் செயலியில் ஒரு முன்பதிவில் எட்டுப் பேருக்கு மேல் போடவும் முடியவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று நடந்தது. அப்பா அம்மா, நாங்கள் நான்கு பேர், தம்பி குடும்பம் மூன்று பேர், ஆக ஒன்பது பேருக்கு மூன்று அறை முதலில் புக் செய்தோம். அத்தை, மாமா, அத்தை மகள், மாப்பிள்ளை, அவர்கள் பையன் என்று ஐந்து பேருக்கு இரண்டு அறையை ஒரு மாதம் கழித்துத்தான் போட்டோம். பணம் ஒரே கையிலிருந்து போனது, ஏஜென்டும் ஒருவர்தான், ஆனால் கப்பல் கம்பெனியின் கணக்கில் இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத புக்கிங்குகள். அவற்றை 'லிங்க்' செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும், கேட்டால் செய்துவிடுவார்கள், காசு கிடையாது. எங்கள் ஏஜென்ட் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. கப்பல் ஏறி அறை அட்டையைப் பார்த்தால் எங்கள் ஒன்பது பேருக்கு ஃப்ளெக்ஸிபிள், அத்தை வீட்டு ஐந்து பேருக்கு எட்டு மணி நிலையான பந்தி, அதுவும் வேறு தளத்தில் இருக்கும் வேறு உணவகத்தில்.

இப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். கப்பல் ஏறும் நாள் மதியம், எல்லோரும் புஃபேயில் தட்டோடு நிற்கும் நேரத்தில், உணவகத்தின் தலைமை மேலாளர் வாசலில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார், மேட்ர டி என்று சொல்வார்கள். டேபிள் மாற்றம் எல்லாம் அவர் கையில்தான். நானும் தம்பியும் இரண்டு மணிக்கே போனோம், எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மூன்றரைக்கு அந்தப் பக்கம் மறுபடி போனபோது வரிசை மாடிப்படி வரை நின்றது. அவர் பொறுமையாகக் கேட்டார். 14 பேருக்கு ஒரே டேபிள் இந்தக் கப்பலில் கிடையாது, பெரியதே பத்து பேருக்குத்தான், பக்கத்துப் பக்கத்தில் எட்டும் ஆறுமாக இரண்டு டேபிள் தருகிறேன், தினமும் அதே இடம், அதே வெயிட்டர், ஆனால் ஏழு மணி கூட்ட நேரம், ஆறுக்கு வாருங்கள், இல்லை எட்டேகாலுக்கு வாருங்கள், இன்றைக்கு மட்டும் முடியாது, நாளையிலிருந்து என்றார். ஃப்ளெக்ஸிபிள் டிக்கெட் வாங்கிவிட்டு அதற்குள்ளேயே நிலையான நேரமும் டேபிளும் வாங்கிக்கொண்டோம்.

தம்பி உடனே, "அக்கா, ஆறு மணிதான் சரி, அப்பா மாத்திரை போடணும், குட்டி தூங்கிடுவான்" என்றான். நம் ஊர் நேரத்தை வைத்து யோசித்துப் பார்த்தோம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே ஆறு மணி என்றால் நம் வயிற்றுக்கு மதியம் மூன்றரை, டிபன் காபி நேரம். அங்கே எட்டேகால் என்றால் நமக்கு ஐந்தேமுக்கால். சென்னையில் அப்பா ஏழரைக்குச் சாப்பிடுகிறவர், அது அங்கே பத்து மணி. நாலு வயதுக் குழந்தையும் அந்த நான்கு நாளும் பத்தரைக்கு முன்னால் தூங்கவில்லை. அதனால் சென்னையிலிருந்து நேராகப் போய்க் கப்பல் ஏறுகிறவர்கள் பெரியவர்களை நினைத்து முதல் பந்தியைக் கேட்காதீர்கள், பாதிப் பசியில் உட்கார்ந்து தட்டை அப்படியே திருப்பி அனுப்புவார்கள். எட்டு மணிக்கு மேல்தான் நமக்குச் சரி.

முதல் ராத்திரி கஷ்டமாக இருந்தது. நாங்கள் ஒன்பது பேர் கீழே, அத்தை வீட்டார் மேலே. ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒரு டேபிள் கிடைக்க நாற்பது நிமிடம் நின்றோம், கையில் ஒரு சின்ன பேஜர் கொடுத்தார்கள், அது அதிர்ந்ததும் போய் உட்கார்ந்தோம். அப்பா சாப்பிடவே இல்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க அத்தை சாப்பிட்டாளா?" என்று மூன்று முறை கேட்டார். என் மனதில் நின்றது அதுதான், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இரண்டாம் நாள் பினாங்கு. அன்றிலிருந்து எல்லாம் மாறியது. ஜன்னல் பக்கம் இரண்டு டேபிள், வெயிட்டர் ஒரு பிலிப்பைன்ஸ்காரர், அவருக்கு உதவியாக இருந்த பையன் நாகர்கோவில்! நாங்கள் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டுவிட்டு, "எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க?" என்று தமிழில் கேட்டதும் அத்தை முகத்தில் வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அத்தை வெங்காயம் பூண்டு சேர்ப்பதில்லை, அம்மாவுக்கு உப்பு குறைவு, மாப்பிள்ளைக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது. ஃப்ளெக்ஸிபிள் முறையில் தினமும் புது டேபிள், புது வெயிட்டர் என்றால் தினமும் இந்தக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும், அதுவும் கூட்ட நேரத்தில், பாதி புரிந்தும் புரியாமலும். ஒரே வெயிட்டர் என்றால் ஒரு நாள் சொன்னால் போதும். நேரத்தைவிட டேபிளைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் பட்டது.

இந்தியச் சைவச் சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. மெனுவில் தினமும் ஒன்று இருக்கும், பெரும்பாலும் பனீர், பருப்பு, சப்பாத்தி, பாசுமதி சாதம். அதற்கு மேல் எது வேண்டுமானாலும் முதல் நாள் ராத்திரியே சொல்லிவிட வேண்டும், வெங்காயம் பூண்டு இல்லாமல் தனியாகச் செய்வதை அன்றைக்கு அன்றைக்குக் கேட்டால் கிடைக்காது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா கப்பல் கிளம்பத் தொடங்கியபோது அத்தை மகள் குடும்பம் அதில் போய் வந்தது, வந்திருந்தவர்கள் பெரும்பாலும் நம் ஊர்க்காரர்கள் என்பதால் அங்கே இதெல்லாம் கேட்கவே வேண்டியிருக்கவில்லையாம். சிங்கப்பூர்க் கப்பலும் அப்படித்தான் என்று நினைத்துப் போகாதீர்கள். தயிர் மட்டும் இங்கே ஒரு குறையும் இல்லை, சாதத்தில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் புக்கெட்டில் ஒரு தவறு நடந்தது, எல்லோருக்கும் நடக்கக்கூடியது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால், ஆனால் எங்கள் கப்பலின் கடிகாரம் கடைசி வரை சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது. கரைக்குப் போய் போனில் தாய்லாந்து சிம் போட்டவர்களுக்குப் போனே தானாக நேரத்தை மாற்றிக்கொண்டது. அத்தை மகளும் மாப்பிள்ளையும் கப்பலுக்குத் திரும்பிய பிறகும் அதே நேரத்தைப் பார்த்துக்கொண்டு, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று அறையில் படுத்துவிட்டார்கள். எட்டேகால் டேபிளுக்கு அவர்கள் வந்தது ஒன்பதேகாலுக்கு. கால் மணி நேரம் தாண்டினால் டேபிளை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்பது விதி, நாங்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்ததால் தப்பித்தோம், நாகர்கோவில் தம்பிதான் சூப்பையே மெதுவாக எடுத்து வந்து நேரம் கொடுத்தான். அறையில் இருக்கும் டிவியில் கப்பல் நேரம் தெரியும், அதைப் பாருங்கள், இல்லையென்றால் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள்.

போன் என்றதும் இன்னொன்று. கடலில் வாட்ஸப் குழுவை நம்பி ஏற்பாடு செய்ய முடியாது. இன்டர்நெட் தனிக் கட்டணம், எங்களில் தம்பி மட்டும்தான் வாங்கியிருந்தான். போனை விமானப் பயன்முறையில் போடாவிட்டால் கப்பலின் ரோமிங் கட்டணம் தலையில் விழும். அறைக்கு அறை பேசும் லேண்ட்லைன் இலவசம், ஆனால் பகலில் யார் அறையில் இருக்கிறார்கள்? அம்மாதான் வழி கண்டுபிடித்தார். அறைக் கதவுகள் இரும்பு, வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் அதில் ஒட்டும். பினாங்கில் ஐந்து காந்தம் வாங்கி, தினமும் காலையில் ஐந்து கதவிலும் ஒரு சீட்டு: "ராத்திரி 8.15, கீழ் உணவகம், ஜன்னல் பக்கம்." அதோடு அந்த வேலை முடிந்தது.

எல்லா வேளையும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்தவில்லை. காலையும் மதியமும் புஃபேயில் அவரவர் விருப்பம். பதினேழு வயதுப் பையனுக்கு ராத்திரி பன்னிரண்டு மணி பீட்சா. ஆனால் எட்டேகால் என்றால் எல்லோரும், இது ஒன்றுதான் சட்டம். தினமும் இரண்டு டேபிளுக்கும் இடையில் ஆட்களை மாற்றி உட்கார வைத்தோம், அப்பாவும் அத்தையும் மட்டும் இரண்டு டேபிளின் நடு ஓரத்தில், நாற்காலியைத் திருப்பினால் பேசிக்கொள்ளும் தூரத்தில்.

கடைசி ராத்திரி, கடலில் இருந்த நாள், அப்பாவுக்கு 70 என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். கேக் வந்தது, வெயிட்டர்கள் எல்லாரும் கை தட்டிப் பாடினார்கள், அது எல்லாக் கப்பலிலும் நடப்பதுதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு பாத்திரத்தில் சாம்பார் வந்தது. முருங்கைக்காய் இல்லை, கேரட்டும் பீன்ஸும் போட்டது, வெங்காயம் இல்லை. நாகர்கோவில் தம்பி சமையல்கட்டில் சொல்லிச் செய்ய வைத்திருக்கிறான். அத்தை இரண்டு முறை வாங்கிக்கொண்டார். டிப்ஸ் தலைக்கு இவ்வளவு என்று தினமும் கணக்கில் தானாகவே ஏறிவிடும், அதற்கு மேல் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை, நாங்கள் அந்த இரண்டு பேருக்கும் தனியாகக் கவரில் போட்டுக் கொடுத்தோம். கிளம்பும் முன் கம்பெனி அனுப்பும் கருத்துப் படிவத்திலும் அவர்கள் பெயரை எழுதினோம், அதுதான் அவர்களுக்குப் பணத்தைவிட உதவும் என்று மேட்ர டி சொன்னார். மறந்துவிடாதீர்கள்.

அடுத்த முறை இத்தனை பேர் போனால் நான் ஃப்ளெக்ஸிபிள் எடுக்க மாட்டேன், நேராக இரண்டாம் பந்தி, புக் செய்யும் அன்றே எல்லா அறைகளையும் லிங்க் செய்து, லிங்க் ஆனதை எழுத்தில் வாங்கிக்கொள்வேன். நானும் கணவரும் குழந்தைகளும் மட்டும் என்றால் ஃப்ளெக்ஸிபிளேதான், அதில் சந்தேகமே இல்லை.

இறங்கும் நாள் காலையில் மட்டும் ஒன்றாக உட்கார முயற்சி செய்யாதீர்கள், நடக்காது. ஆயிரக்கணக்கான பேர் பெட்டியோடு புஃபேயில் இருப்பார்கள். எங்களுக்கு நான்கு இடத்தில் நான்கு டேபிள் கிடைத்தது. அப்பா காபிக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டேபிளாகப் போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்தார், கடைசியாக அத்தை டேபிள், அங்கேயே இட்லி இல்லாத குறையைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் இறங்கும் எண்ணைக் கூப்பிட்டார்கள்.