வெட்டுத் தடுப்புக் கையுறை: இரண்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

மதுரை கீழமாசி வீதிக் கடையொன்றில், எங்கள் தெருவில் குப்பை சேகரிக்கும் தூய்மைப் பணியாளர்கள் நால்வருக்காக, ஜோடி 180 ரூபாய் வீதம் நைட்ரில் என்னும் செயற்கை ரப்பர் பூச்சுள்ள வெட்டுத் தடுப்புக் கையுறைகளை வாங்கினேன். பணியாளர்களுக்குக் கையுறை வழங்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே கூறியிருந்தும், அவர்களிடம் இருந்தவை மெல்லிய ரப்பர் உறைகளே.

உடைந்த டியூப்லைட், சவர பிளேடு ஆகியவற்றின் கீறல்களை இவை நன்றாகவே தடுத்தன. ஆனால் ஊசி வேறு. கையுறையில் அச்சிட்டுள்ள இ.என். 388 என்னும் ஐரோப்பியத் தரக்குறியீட்டின் துளைப்புச் சோதனை, மருத்துவ ஊசியைவிடப் பன்மடங்கு தடித்த எஃகு முனையால் செய்யப்படுவது. ஆகவே சர்க்கரை நோயாளிகள் வீசும் இன்சுலின் ஊசிக்கு அந்த எண் எந்த உத்தரவாதமும் தராது. கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. (சட்னிப் பொட்டலத்தைக் கட்டும் கவனத்தில் பாதிகூட நாம் ஊசிக்குக் காட்டுவதில்லை.)

உள்ளங்கையில் மட்டுமே பூச்சு இருப்பதால், ஈரக்குப்பையின் சாறு புறங்கை வழியே ஊறி, மாலைக்குள் விரலிடுக்குகளில் புண்ணாக்குகிறது. பெண்களுக்குப் பொருந்தும் 7ஆம் அளவு கடையில் இல்லை. சொல்லிவைத்து, பத்து நாள் கழித்தே கிடைத்தது.