புது ஃபிஷிங் கயாக்கை "ஃபுல் ரிக்கிங்"குக்கு விடப் போறீங்களா, இத படிச்சிட்டு போங்க

புதுசா ஃபிஷிங் கயாக் (மீன் பிடிக்கிற சின்ன துடுப்புப் படகு) எடுத்துட்டு, தூண்டில நிறுத்தி வைக்கிற ராட் ஹோல்டர்ல இருந்து, தண்ணிக்கு அடில மீன் எங்கன்னு ஸ்கிரீன்ல காட்டுற ஃபிஷ் ஃபைண்டர் வரைக்கும் "எல்லாம் நாங்களே மாட்டி, நேரா தண்ணில எறக்குற மாதிரி குடுத்துடுறோம் சார்"னு சொல்ற கடைல மொத்தமா ஒப்படைக்கப் போறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க. என்னை நல்லா ஏமாத்திட்டாங்க. வெளிய பாத்தா எல்லாம் பளபளன்னு இருக்கும், தில்லுமுல்லு பூரா கண்ணுக்குத் தெரியாத எடத்துலதான், ஹல்லுக்கு (படகோட உடம்புக்கு) உள்ள, ஜாக்கெட் துணிக்கு உள்ள, பேட்டரி ஸ்டிக்கருக்கு அடில.

ராட் ஹோல்டர்லதான் மொதல்ல வெளிச்சத்துக்கு வந்துச்சு. லூர் (பொய் இரை) அடில பாறைல சிக்கிக்கிச்சு, இழுத்தா லைன் அறுந்திருக்கணும், ஆனா ஹோல்டரே பேஸோட பிச்சிக்கிட்டு ராடோட சேந்து தண்ணிக்குப் போச்சு, ராடுல லீஷ் (கட்டுக் கயிறு) போட்டிருந்ததால திரும்பக் கெடச்சுது. கரைக்கு வந்து ஹேட்ச்ச (டெக்குல இருக்குற மூடிய) திறந்து டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ள எல்லாமே சாதா பாப் ரிவெட். கயாக் ஹல்லு பாலிஎதிலீன் பிளாஸ்டிக், அதுல தகரத்துக்கு அடிக்கிற ரிவெட் நிக்காது, கொஞ்சம் பலமா இழுத்தா ஓட்டைய பெருசாக்கிட்டு வெளிய வந்துடும். இதுக்குன்னே ட்ரை-கிரிப் ரிவெட் இருக்கு, பின்பக்கம் மூணு காலா பிரிஞ்சு பூ மாதிரி விரிஞ்சு பிடிச்சுக்கும். உள்ள கை எட்டுற எடம்னா போல்ட், பெரிய வாஷர், லாக் நட்டு. எட்டலன்னா ரப்பர் வெல் நட், இறுக்குனா உள்ள உப்பிப் பிடிச்சுக்கும். இது எதுவும் என் கயாக்ல ஒண்ணுகூட இல்ல.

ரிவெட்ட சுத்தி வெள்ளை சிலிக்கான் அப்பி வச்சிருந்தாங்க, "சொட்டு தண்ணி எறங்காது சார்"னு அதுக்கு ஒரு சர்டிஃபிகேட் வேற. நகத்தால நெம்புனேன், ஒரே பட்டையா உரிஞ்சு வந்துடுச்சு. பாலிஎதிலீன்ல பசையோ சிலிக்கானோ ஒழுங்கா ஒட்டாது, அதனாலதான் சீலன்ட்ட நம்பாம ரப்பர் வாஷர வச்சு இறுக்கணும்னு சொல்றது. நான் ஒவ்வொரு தடவை கரை ஏறினதும் டிரெயின் பிளக்க கழட்டினா தண்ணி கொட்டிக்கிட்டே இருந்துச்சு, கடைல கேட்டா "ஸ்கப்பர் வழியா அலை அடிச்சு வந்திருக்கும்"னு சொன்னாங்க, ஸ்கப்பர் ஓட்டை டெக்குல இருந்து நேரா கீழ போற குழாய், அது நல்லா இருந்தா அதுக்கும் ஹல்லோட உள்பக்கத்துக்கும் சம்பந்தமே கிடையாது, இது அவங்களுக்கு தெரியாதா என்ன. லீக் எங்கன்னு பாக்க, ரிவெட் ரிவெட்டா சோப்புத் தண்ணி தடவிட்டு டிரெயின் ஓட்டை வழியா மெதுவா காத்து ஊதுங்க, முட்டை வர்ற எடமெல்லாம் ஓட்டைதான்.

ஸ்குரூ எல்லாம் "மரைன் கிரேடு 316"னு, அதாவது கடல் தண்ணிக்கு ஏத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு சொன்னாங்க, உப்புத் தண்ணி பட்டதும் சீக்கிரமே சீட் டிராக்குக்குக் கீழ பழுப்பா வடிய ஆரம்பிச்சிடுச்சு. காந்தம் வச்சா கப்புன்னு ஒட்டுது, ஜிங்க் முலாம் பூசுன சாதா இரும்பு. ஆனா காந்தம் ஒட்டலன்னா உடனே 316ன்னு நம்பிடாதீங்க, 304ங்கிற சாதா ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் பெரும்பாலும் ஒட்டாது, மாலிப்டினம் சேர்ந்த 316தான் உப்புக்கு நல்லா தாங்கும், அத சீல் வச்ச பாக்கெட்டோட நீங்களே வாங்கிக் குடுக்குறது உத்தமம்.

பேட்டரி கதைதான் எனக்கு இன்னும் வயித்தெரிச்சல். ஃபிஷ் ஃபைண்டருக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 12 ஆம்பியர் அவர்னு ஸ்டிக்கர். பாதி நேரத்துலயே ஸ்கிரீன் செத்துப்போச்சு. ஃபுல் சார்ஜ் பண்ணி மல்டிமீட்டர் வச்சா 12.5 வோல்ட் காட்டுது, நெசமாவே அந்த கெமிஸ்ட்ரினா நாலு செல்லு வரிசையா இருக்கும், கொஞ்ச நேரம் சும்மா வச்சு அளந்தாலும் 13.3 பக்கம் நிக்கணும். சந்தேகத்துல உறைய கிழிச்சா உள்ள மூணு மூணா கோத்த 18650 சைஸ் லித்தியம் அயான் செல்லு, வேற கெமிஸ்ட்ரி! இதுக்கு அவங்க குடுத்த சார்ஜர் 14.6 வோல்ட்டு. மூணால வகுத்துப் பாருங்க, செல்லுக்கு 4.8க்கு மேல போகுது, அதோட உச்சவரம்பே 4.2தான். பிஎம்எஸ் போர்டு (பேட்டரிக்குள்ள இருக்குற பாதுகாப்பு சர்க்யூட்) நடுவுல கட் பண்ணி விட்டதால பத்திக்காம இருந்திருக்கு. வயர்ல ஃபியூஸ் கிடையாது, ஜாயின்ட்ட முறுக்கி கருப்பு டேப் சுத்தி ஹல்லுக்குள்ள தொங்க விட்டிருந்தாங்க.

பேக்கேஜ்ல "இலவசமா" வந்த லைஃப் ஜாக்கெட்ல லேபிளே இல்ல. மிதவை ஜாக்கெட்டுக்கு ஐஎஸ்ஓ 12402-5ன்னு ஒரு தரம் இருக்கு, பெரியவங்க சைஸ்ல 50 நியூட்டன்னு உள்பக்கமே அச்சடிச்சிருக்கும். இடுப்பளவு தண்ணில நின்னு கால தூக்கிப் பாத்தேன், வாய் வரைக்கும் முங்கிடுச்சு. உள்ள இருந்தது டிவி பெட்டில வர்ற மாதிரி பேக்கிங் ஃபோம் துண்டுங்க, நனைஞ்சு கனமாகி கெடந்துச்சு. துடுப்பு குட்டையா இருந்தது, அகலமான கயாக்குக்கு 240 சென்டிமீட்டராவது வேணும், அத விடுங்க, கையாவது வலிக்கும், உயிர் போகாது.

உயிர் போற சமாச்சாரம் ஆங்கர் க்ளீட், அதாவது நங்கூரக் கயித்த கட்டுற பிடி. அத சீட்டுக்குப் பக்கத்துல, நட்டநடுவுல சைடுல அடிச்சு வச்சிருக்காங்க, கைக்கு வசதியா இருக்குமாம். ஓடுற தண்ணில நங்கூரத்த சைடுல கட்டினா நீரோட்டம் கயாக்க குறுக்கால தள்ளி, கயிறு அந்தப் பக்கத்த கீழ இழுக்கும், கவுந்துடும். முனைலயோ பின்னாடியோதான் இழுவை வரணும், அதுக்குத்தான் ஆங்கர் டிராலின்னு கப்பி வச்சு கயித்த ஓட விடுறது. டிராலியும் பேக்கேஜ்ல உண்டுன்னுதான் பேச்சு, மாட்டவே இல்ல.

கயாக் கம்பெனிக்கு போட்டோவோட மெயில் போட்டேன், வாங்கின பிறகு போட்ட ஓட்டைக்கு வாரண்டி வராதுன்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க. கடைகிட்ட ரொம்ப நாள் மல்லுக்கட்டி பேட்டரி காசு மட்டும் வாங்கினேன். மத்ததுக்கு ஏன் பிடி கிடைக்கலன்னா பில்லுல "ரிக்கிங் பேக்கேஜ்"னு ஒரே ஒரு வரிதான் இருக்கு, எந்த ஸ்குரூ, எந்த ரிவெட், என்ன செல்லு, எதுவும் எழுதல. அதனால ஒவ்வொரு சாமானையும் தனித்தனியா பில்லுல எழுதச் சொல்லுங்க, டிரில் எடுக்குறப்ப பக்கத்துலயே நில்லுங்க, கியர் டிராக் (சாமான் மாட்டுறதுக்குன்னே இருக்குற நீளமான பள்ளம்) ஏற்கனவே இருக்குற மாடல்னா அதுல சொருகுற டி-போல்ட்லயே பாதி சாமான் மாட்டிடலாம், ஓட்டையே தேவைப்படாது.

ரிவெட், பேட்டரி உள்பக்கம், ஜாக்கெட் ஃபோம் எல்லாத்துக்கும் போட்டோ வச்சிருக்கேன், வேணும்னா கேளுங்க அனுப்புறேன். கடை பேர கேக்காதீங்க, புகார் இன்னும் போயிட்டிருக்கு.