என்ர சீக்கோ எஸ்கேஎக்ஸ்007, விக்க முதல் உள்ளதைச் சொல்லிடுறன்
ஆறு வருசம் கையில கட்டின மணிக்கூடு, குறையை மறைச்சு விக்க மனம் வரேல்லை. 12 மணிப் பக்கம் கண்ணாடியில ஒரு கீறல், நகத்தால இழுத்தா தட்டுப்படும், முல்லைத்தீவில வள்ளத்தில ஏறேக்க பட்டது. உள்ளுக்க 7எஸ்26 மெசின், கையால சாவி குடுக்கேலாது, கிரவுணை, அதான் பக்கத்தில இருக்கிற திருகை, இழுத்தாலும் செக்கன் முள்ளு நிக்காது, அது பழுதில்லை, அதின்ர அமைப்பே அப்பிடித்தான். நாளைக்கு 15 செக்கன் முந்துது. பெசலின்ர, அதான் கண்ணாடியைச் சுத்தித் திருப்புற வளையத்தின்ர, 120 கிளிக்கும் இப்பவும் இறுக்கமா விழும், அந்தச் சத்தத்துக்காகவே சும்மா இருந்து திருப்புவன். டயலில 200 மீற்றர் எண்டு கிடக்கு, ஆனா கிளிநொச்சியில பின்மூடி திறந்து சேர்விஸ் செய்தபிறகு தண்ணி உள்ளுக்க போகுதோ எண்டு பாக்கிற பிரஷர் டெஸ்ட் பண்ணேல்லை, அதால கடல்ல இறங்க முதல் ரப்பர் வாசரை மாத்தி டெஸ்ட் பண்ணுங்கோ. பெட்டி இல்லை. நேர வந்து கட்டிப் பாத்திட்டுக் காசைத் தாங்கோ.