பழைய சில்லரா, கணினி விசிறியா?

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியின் நீர் 25 முதல் 27 டிகிரி செல்சியசுக்குள் நிற்க வேண்டும். சென்னையின் மே மாதமோ 40 டிகிரியைத் தொடும். வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் தேடிப்பிடிக்கும் பழைய சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) அந்த வெப்பத்தையும் சமாளிக்கும் என்றாலும், அதன் சுருள் டைட்டானியம்தானா என்று பார்த்தே வாங்க வேண்டும். செம்புச் சுருளாக இருந்து அது நீரில் கரைந்தால் இறாலும் பவளமும் பிழைக்கா.

பழைய கணினியிலிருந்து கழற்றிய இரண்டு 12 வோல்ட் விசிறிகளை நீர்ப்பரப்பை நோக்கிச் சாய்த்துக் கட்டினால், நீர் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் புழுக்கமான மாலைகளில், காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால், அவை பெயருக்குத்தான் சுழலும். நீர் வற்ற உப்பின் அடர்வு ஏறுவதால், தினமும் ஆர்.ஓ. நீரை ஊற்றி ஒப்படர்த்தியை (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தியை) 1.025 அளவில் காக்க வேண்டும். அதற்குப் பதிலாக உப்புநீரை ஊற்றுவது பெரும்பிழை. மின்வெட்டில் சிறிய இன்வெர்ட்டர் விசிறியைத்தான் தாங்கும் என்பதால், சில்லர் வாங்கினாலும் விசிறிகளை நான் கழற்றமாட்டேன்.