பகுப்பாய்வு அறிக்கையுடன் வந்த டீ ட்ரீ எண்ணெய்

அண்மையில் வாங்கிய 10 மில்லி டீ ட்ரீ எண்ணெயில் (ஆஸ்திரேலிய மரமொன்றின் இலைகளிலிருந்து காய்ச்சி வடிக்கப்படும் எண்ணெய்) என்னை முதலில் ஈர்த்தது அதன் மணமன்று, புட்டியுடன் வந்த வாயு குரோமட்டோகிராபி அறிக்கையே; எண்ணெயின் சேர்மங்களைப் பிரித்து அளவிடும் சோதனை அது. அதில் முதன்மைச் சேர்மமான டெர்பினென்-4-ஆல் 41 விழுக்காடு என்றும், யூகலிப்டஸ் மணம் தரும் 1,8-சினியோல் 3 விழுக்காடு என்றும் குறிக்கப்பட்டுள்ளது. இவ்வெண்ணெய்க்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 4730-இன் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு முன்னதற்கு 35 முதல் 48 விழுக்காடு வரை வகுத்திருப்பதால், இந்த அளவு நிறைவளிக்கிறது. பாக்டீரியாவின் உயிரணுச் சவ்வில் ஊடுருவி, அதன் கட்டுக்கோப்பைக் குலைத்து, உள்ளிருக்கும் பொட்டாசியம் அயனிகளைக் கசியச் செய்வதில் பெரும்பங்கு டெர்பினென்-4-ஆலுக்கே உரியது. ஆகவே, வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டிய எண்ணும் இதுவே.

ஆனால், "எல்லாக் கிருமிகளையும் அழிக்கும்" என்று உறையில் அச்சிட்டிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. தோலில் புண்களை உண்டாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா இந்த எண்ணெய்க்கு எளிதில் பணிகிறது; புறச்சவ்வும், நச்சுப் பொருள்களை வெளியேற்றும் புரதங்களும் கொண்ட சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியாவோ பெரிதும் தாக்குப்பிடிக்கிறது.

புட்டி பழுப்புக் கண்ணாடியால் ஆனது என்பது நன்று. காலப்போக்கில் எண்ணெய் அரித்துவிடும் ரப்பர் குமிழ் மூடியும், காய்ச்சி வடித்த நாள் குறிக்கப்படாததும் குறைகள். காற்றும் ஒளியும் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்த எண்ணெயில் காமா-டெர்பினீன் என்னும் சேர்மம் குறைந்து, பாரா-சைமீன் என்னும் மற்றொன்று கூடுகிறது. அத்தகைய பழைய எண்ணெயே தோல் ஒவ்வாமையை மிகுதியாகத் தூண்டுகிறது என்பதால், அந்த நாள் எனக்கு முக்கியமானது. உட்கொண்டால் நச்சு என்ற எச்சரிக்கையையும் இன்னும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டும்.