கேமியோ கெமிக்கல்ஸ், அலோஹா: மணலிப் பக்கம் இரண்டு வருடம் பயன்படுத்திப் பார்த்ததில்

வடசென்னையில் மணலிப் பக்கம் ஒரு ரசாயனக் கிடங்கில் சேஃப்டி வேலை பார்க்கிறேன். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடி அம்மோனியா குழாய் கசிந்தபோது எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நின்றபடி எனக்குப் போன் செய்தது. எந்தப் பக்கம் போகணும், எவ்வளவு தூரம் போனால் போதும், இந்த இரண்டே கேள்விதான். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் என்னால் உறுதியாக ஒரு பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரமே கேமியோ கெமிக்கல்ஸ், அலோஹா என்கிற இரண்டு மென்பொருளையும் இறக்கிவிட்டேன். அன்றிலிருந்து பயன்படுத்துகிறேன்.

முதலில் இது என்னவென்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் நோவா என்கிற கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பும் அங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சேர்ந்து தயாரித்து இலவசமாகக் கொடுக்கும் மென்பொருள் தொகுப்பு. 1984 போபாலுக்குப் பிறகு அமெரிக்காவில் 1986-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் தீயணைப்பு, போலீஸ், ஆஸ்பத்திரி, தொழிற்சாலை, ஊர் மக்கள் எல்லோரும் ஒரே குழுவில் உட்கார்ந்து, எந்த ஆலையில் என்ன ரசாயனம் எவ்வளவு இருக்கிறது, கசிந்தால் யார் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அந்தக் குழுக்கள் கையில் வைத்திருக்கும் கருவி இது. நம் நாட்டிலும் 1996 ரசாயன விபத்து விதிகளின்படி கலெக்டர் தலைமையில் மாவட்ட நெருக்கடிக் குழு, அதற்குக் கீழே உள்ளூர்க் குழு என்றெல்லாம் உண்டு. குழு இருக்கிறது, ஆனால் எல்லோரும் சேர்ந்து பார்க்க ஒரே படம் இல்லை என்பதுதான் நான் கண்ட குறை.

கேமியோ கெமிக்கல்ஸ் போனில் ஓடும், நெட் தேவையில்லை. எனக்கு இதுவே பெரிய விஷயம். கேட்டுக்கு வரும் டேங்கரின் பின்பக்க ஆரஞ்சுப் பலகையில் நான்கு இலக்க ஐ.நா. எண் இருக்கும் இல்லையா, 1005 என்றால் அம்மோனியா, 1017 என்றால் குளோரின், 1791 என்றால் ஹைப்போ, அதாவது ஹைப்போகுளோரைட் என்கிற வெளுப்புத் திரவம். பலகையில் அப்பியிருக்கும் சேற்றைத் துணியால் துடைத்து எண்ணைப் போட்டால், எத்தனை மீட்டர் தள்ளி நிற்கணும், தண்ணீர் அடிக்கலாமா கூடாதா, மேலே பட்டால் என்ன முதலுதவி என்று ஒரே பக்கத்தில் வந்துவிடுகிறது. இதற்காக முன்பெல்லாம் ஆபீஸ் அலமாரியில் இருக்கும் ஃபைலைத் தேடி ஓடுவோம். அதில் பாதித் தாள்கள் ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸ் எடுத்து எழுத்தே அழிந்து போனவை.

அப்புறம் அதில் கலவை பார்க்கிற வசதி ஒன்று உண்டு. நம் யார்டில் இருக்கிற ரசாயனங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தால், எது எதோடு சேரக்கூடாது என்று கட்டம் போட்டுக் காட்டும். நான் முதல் நாளே எங்கள் பட்டியலைப் போட்டுப் பார்த்தேன். ஹைட்ரோகுளோரிக் ஆசிடும் ஹைப்போவும் சந்திக்கிற கட்டம் சிவப்பாக வந்தது, குளோரின் வாயு வரும் என்று கீழே விளக்கம். புதிய செய்தி ஒன்றும் இல்லை, படித்ததுதான். ஆனால் எங்கள் யார்டில் அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு மழைநீர்க் கால்வாய், மழைக்காலத்தில் இரண்டு பக்கத் தண்ணீரும் அதில்தான் இறங்கும். அந்தத் திரையை மேலதிகாரியிடம் காட்டினேன், பத்து நாளில் ஹைப்போ கேன்கள் வேறு ஷெட்டுக்குப் போய்விட்டன. வாயால் ஒரு வருடம் சொல்லியும் நடக்காதது.

அலோஹா கம்ப்யூட்டரில் ஓடுவது. ரசாயனம், அளவு, காற்றின் வேகம், திசை, மேகமூட்டம், ஈரப்பதம் எல்லாம் கொடுத்தால் வாயு எவ்வளவு தூரம் பரவும் என்று சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று காற்று போகும் பக்கமாக நீளும் மூன்று வளையமாக வரைந்து தருகிறது. அம்மோனியாவை ஒரு மணி நேரம் சுவாசிக்கிற கணக்கில் 1100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 1100 பங்கு) தாண்டினால் உயிருக்கே ஆபத்து, 160 தாண்டினால் தப்பிக்கிற திறனே போய்விடலாம், 30-ல் கண் மூக்கு எரியும், அந்த மூன்று எல்லைதான் மூன்று நிறம். படத்தைக் கூகுள் எர்த் மேலேயும் போட்டுப் பார்க்கலாம். பட்டியலில் அமெரிக்க ஊர்கள்தான் இருக்கும், நம் ஊரை அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதன் அருமை எனக்குத் தெரிந்தது போன வருட மாக் டிரிலுக்கு (விபத்து ஒத்திகைக்கு) முந்தைய கூட்டத்தில். தீயணைப்பு, போலீஸ், மாநகராட்சி, பக்கத்து ஆலைக்காரர்கள், மீனவர் பஞ்சாயத்திலிருந்து இரண்டு பேர். வழக்கமாக ஒவ்வொருவர் கையிலும் ஒரு தூரக் கணக்கு இருக்கும், அதிலேயே அரை மணி நேரம் போய்விடும். இந்தத் தடவை புரொஜெக்டரில் ஒரே படம். மஞ்சள் வளையம் ஹைவேயைத் தொட்டதைப் பார்த்ததும் போலீஸ்காரர், இந்த ரோட்டை நாங்கள் மூடினால் ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும் என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் இருந்துதான் கூட்டம் உண்மையிலேயே ஆரம்பித்தது. பேனா எடுத்துப் பள்ளிக்கூடம், சர்ச், படகுத்துறை எல்லாம் எங்கே என்று பிரிண்ட் அவுட்டில் குறித்தோம். மீனவர் பஞ்சாயத்திலிருந்து வந்திருந்த பெரியவர் என் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க மத்தியானக் காத்தப் போட்டிருக்கீங்க. விடிய முன்ன தரையிலருந்து கடலுக்குப் போவும், வாடை ஏறிட்டா அதுவும் மாறிடும்" என்றார். சொன்னது அப்படியே சரி. நான் கொடுத்திருந்தது மாலை நாலு மணி கடல்காற்று. உட்கார்ந்து மாற்றிப் போட்டேன், வளையம் முழுசாக எதிர்ப்பக்கம் திரும்பியது.

குறைகளையும் சொல்ல வேண்டும். காற்று கிட்டத்தட்ட நின்றுபோன ராத்திரிக்கு அலோஹாவை நம்பக்கூடாது, நொடிக்கு ஒரு மீட்டருக்குக் கீழே அது வேலைக்கு ஆகாது, ஆனால் அந்த நேரத்தில்தான் வாயு தரையோடு தங்கும். கட்டடம், மேடு பள்ளம் எதுவும் அதற்குத் தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு மேலோ 10 கிலோமீட்டருக்கு மேலோ கணக்குப் போடாது. எனக்கு ரொம்ப வருத்தம் தந்தது இன்னொன்று: எந்தச் சம்பவத்துக்காக இதை இறக்கினேனோ, அந்தக் கடலடித் திரவ அம்மோனியா குழாய்க்கு இதில் வழியே இல்லை. தொட்டி, தேங்கிய குட்டை, வாயுக் குழாய், நேரடி வெளியேற்றம் என்று நாலு வகைதான். வெளியே வருகிற அளவை நாமே ஊகித்து நேரடியாகக் கொடுக்க வேண்டும், ஊகம் தப்பானால் வளையமும் தப்பு.

எண்ணெய்க்கும் இது உதவாது. 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் படிந்து வாளியால் அள்ளினோமே, மிக்ஜாம் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் வந்ததே, அந்த மாதிரிச் சமயத்தில் கச்சா எண்ணெயைத் தேடினால் ஒரு பக்கக் குறிப்பு வரும், அவ்வளவுதான். எண்ணெய் எங்கே நகரும் என்பதற்கு நோவாவிடமே க்னோம் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதை நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. கடலில் கடலோரக் காவல்படை, துறைமுக எல்லைக்குள் துறைமுகம், கரைக்கு வந்துவிட்டால் மாநில அரசு என்று பொறுப்பு கை மாறும் இடத்தில் என்ன செய்வது என்பதை எந்த ஆப்பும் எழுதித் தராது. அதை நாமே உட்கார்ந்து பேசித்தான் எழுதணும்.

தமிழ் கிடையாது. அவசரத்துக்கு அழைக்கும் நம்பர்கள் அமெரிக்க நம்பர்கள். அதனால் எங்கள் வட்டாரத்தில் அதிகம் புழங்கும் பதினான்கு ரசாயனங்களுக்கு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு எழுதி, நம் ஊர் நம்பர்களைப் போட்டு, லேமினேட் செய்து கேட்டில் மாட்டியிருக்கிறேன். செக்யூரிட்டி அண்ணன் அதைத்தான் பார்க்கிறார்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். கசிவு நடக்கிற ராத்திரி திறந்து பார்க்க வைத்துக்கொள்ளாதீர்கள், அதற்கு முன்பே பத்துத் தடவை வெவ்வேறு காற்றுக்கு ஓட்டி, பிரிண்ட் எடுத்து, பக்கத்து ஆலைக்கும் ஸ்டேஷனுக்கும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். அடுத்த டிரிலை விடியற்காலை மூன்று மணிக்கு வைக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெரியவரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.