எட்டு சிம் போடும் எஸ்எம்எஸ் பெட்டி வாங்கப் போகிறீர்களா? எங்கள் சங்கத்துப் பணம் 230,000 ரூபாய் போன விதம்

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மரண உதவிச் சங்கத்துக்கு நான் செயலாளர். ஐந்து டிவிஷன், 46 லயம் (வரிசை வீடுகள்), 380 குடும்பம். யாராவது தவறினால் வீட்டுக்கு 200 ரூபாய் சந்தா பிரித்து, சவப்பெட்டிக்கும் பந்தலுக்கும் கொடுப்போம். முன்பெல்லாம் சாவுச் சேதி சொல்ல ஆள் ஓடும். இப்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது கொழும்பில் வேலையில் இருக்கிறார், ஓடிச் சொல்ல முடியாது. வாட்ஸ்அப் குழு ஒன்று வைத்தோம். ஆனால் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் கையில் பட்டன் போன்தான். அதனால் எஸ்எம்எஸ் அனுப்பும் மெஷின் ஒன்று வாங்கலாம் என்று கூட்டத்தில் முடிவானது. யோசனை என்னுடையது. அதனால்தான் இதை எழுதும் கடனும் என்னுடையது.

2025 மார்ச்சில் நானும் தலைவரும் பொருளாளரும் கினிகத்தேனை வழியாக பஸ் பிடித்துக் கண்டிக்குப் போனோம். ஒரு கடையில் எட்டு சிம் போடும் மொடம் பெட்டி காட்டினார்கள். கறுப்புத் தகரப் பெட்டி, மேலே எட்டுக் குட்டி ஏரியல், யூஎஸ்பி வயர் ஒன்று. கடைக்காரர் கொம்பியூட்டரில் எதையோ தட்டினார். இரண்டு நொடியில் என் போன் கிணுங்கியது. ஆங்கிலத்தில் ஒரே சொல்: வெல்கம். மூன்று பேரும் வாயைப் பிளந்தோம்.

"சேர், எட்டுச் சிம்மும் நாங்களே தாறோம். அன்லிமிட்டட். லைப்டைம் ப்ரீ. ஒரு சதம் செலவில்லை" என்றார்.

பெட்டி 165,000. மென்பொருள் உரிமம் என்று 40,000. வந்து பொருத்திக் கொடுக்க 25,000. ஆக 230,000. அப்போது ஒரு நாள் பேருக்கு (ஒருவரின் ஒரு நாள் வேலைக்கு) அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய், கணக்குப் போட்டால் 170 நாள் பேர். பந்தல் தகரமும் கதிரையும் வாங்கச் சேர்த்து வைத்திருந்த காசு அது. பில்லில் "கொம்பியூட்டர் உதிரிப் பாகங்கள்" என்று மட்டும் எழுதித் தந்தார்கள். சீரியல் நம்பர் இல்லை, உத்தரவாதக் காலமும் இல்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.

ஒரு வாரத்தில் பையன் ஒருவர் வந்து பொருத்தினார். வாசிகசாலையில் இருந்த எங்கள் பழைய கொம்பியூட்டரில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டார், பெட்டியைச் செருகினார், ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். எழுதி, பட்டனை அழுத்தினால் சரி. அப்புறம் "பிள்ளைகள் கை வைக்காமல் இருக்கட்டும்" என்று பெட்டியை இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை என்னிடம் தந்தார். கொம்பியூட்டரின் பாஸ்வேர்டை மட்டும் தரவில்லை. "அது வேண்டாம் சேர், பிரச்சினை வந்தால் நாங்கள் அங்கிருந்தே பார்ப்போம்." அப்படிப் பார்க்க வருஷத்துக்கு 18,000 கட்ட வேண்டும் என்பது பிறகு தெரிந்தது.

முதல் செய்தி, மாதக் கூட்ட அறிவித்தல். தமிழில் எழுதி அனுப்பினேன். எல்லார் போனிலும் வந்தது இதுதான்: "???? ????????? ????". கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரு அக்கா போனை நீட்டி, "என்னண்ணே, சங்கமே எங்களைக் கேள்வி கேக்குதா?" என்றார். திரையில் மட்டும் ஒவ்வொரு பெயருக்கும் நேரே பச்சை நிறத்தில் சரி அடையாளம், போய்ச் சேர்ந்தது என்று. கடைக்குப் போன் பண்ணினேன். அங்கிருந்தே எதையோ மாற்றினார்கள், தமிழ் வந்தது. சோதித்துப் பார்க்க "வணக்கம்" என்று அனுப்பினேன், அழகாக வந்தது. அத்தோடு விட்டுவிட்டேன். அதுதான் என் மடத்தனம்.

மே மாதம் எங்கள் பிள்ளைக்காம்பரா (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) ஆயா தவறிவிட்டார். தோட்டத்தில் பாதிப் பேரை ஏணையில் போட்டு ஆட்டியவர். நான் எழுதிய செய்தி: "மரண அறிவித்தல்: மேல் டிவிஷன் பிள்ளைக்காம்பரா ஆயா காலமானார். நல்லடக்கம் நாளை மாலை 3 மணிக்கு தோட்ட மயானத்தில். சந்தா 200 ரூபாய்."

போய்ச் சேர்ந்தது "நல்லடக்கம்" வரைதான். எப்போது, எங்கே, ஒன்றும் இல்லை. அடக்கம் முடிந்துவிட்டது என்று சிலர் நினைத்தார்கள். இன்னும் சிலர் ஹட்டன் டவுன் மயானமா என்று கேட்டார்கள். அன்று ராத்திரி முழுக்க என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிடக் கேவலம், 95 வீட்டுக்கு அந்தப் பாதிச் செய்திகூட வரவில்லை. மூன்றாம் நாள் காலையில், மயானத்தில் மண் காயத் தொடங்கிய பிறகு, அந்த 95 போனும் கிணுங்கின: ஆயா காலமானார். கீழ் டிவிஷன் பெரியவர் ஒருவர் நேரே வாசிகசாலைக்கு வந்து, "ஏம்பா, ஆயா ரெண்டாந் தடவை செத்துச்சா?" என்று கேட்டார். சிரிக்கத்தான் கேட்டார். எனக்குத்தான் முகத்தைத் தூக்க முடியவில்லை.

அடுத்த போயா (பௌர்ணமி) லீவுக்கு, பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் படிக்கிற எங்கள் லயத்துத் தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். பாஸ்வேர்ட் இல்லாவிட்டாலும் கொம்பியூட்டர் நம்முடையதுதானே, பென் டிரைவில் இருந்து வேறு லினக்ஸை ஏற்றி உள்ளே போய்விட்டார். சாயந்தரம் தொடங்கி இரவு பதினொரு மணி வரை இருந்தார். அவர் காட்டியவற்றை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் அந்த 40,000 ரூபாய் மென்பொருள். அது கம்மு என்ற எஸ்எம்எஸ் மென்பொருள். உலகத்தில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், லினக்ஸில் ஒரே வரிக் கட்டளை. உரிமம் என்று ஒன்றை யாரும் விற்க வேண்டியதே இல்லை. கடைக்காரர் செய்தது அதன்மேல் ஒரு பக்கத்தை ஒட்டி, பச்சை அடையாளம் வரைந்தது மட்டும். அந்தப் பச்சையும் பொய். உள்ளே தரவுத்தளத்தில் ஒவ்வொரு செய்திக்கும் எழுதியிருந்தது "செண்டிங் ஓகே நோ ரிப்போர்ட்" என்று. அதாவது போன் கம்பனியின் செய்தி மையம் வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். போனுக்குப் போனதா என்று யாரும் விசாரிக்கவே இல்லை. போய்ச் சேர்ந்தால் "டெலிவரி ஓகே" என்று வர வேண்டும். அதற்குரிய அமைப்பைப் போடவே இல்லை.

அடுத்தது தமிழ். ஆங்கில எழுத்தென்றால் ஒரு செய்தியில் 160 போகும். தமிழ் யூனிகோடில் போவதால் 70 மட்டும்தான். அந்த 70ஐயும் நாம் எண்ணுகிற மாதிரி எண்ணக் கூடாது. "காலமானார்" நமக்கு ஐந்து எழுத்து, மெஷினுக்கு ஒன்பது. கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றுக்கும் தனித் தனிக் கணக்கு. தம்பி என் செய்தியை விரல் விட்டு எண்ணினார். "நல்லடக்கம்" என்பதன் கடைசிப் புள்ளியோடு சரியாக 70. முழுச் செய்தி 126. நீளமான செய்தியைத் துண்டு துண்டாக்கி அனுப்பினால் போன் அதைத் தானே ஒட்டிக் காட்டும், அப்போது ஒரு துண்டுக்கு 67. ஆக எங்களுக்கு இரண்டு துண்டு, 380 வீட்டுக்கு 760 எஸ்எம்எஸ். கடைக்காரரின் பக்கம் துண்டாக்கவே இல்லை, வெட்டி எறிந்துவிட்டது. முதலில் கேள்விக்குறியாக வந்ததும் யூனிகோட் என்று குறிக்காமல் சாதாரண எழுத்தாக அனுப்பியதால்தான். விலை கேட்கும்போது "ஒரு செய்தி" என்றால் தமிழில் எத்தனை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

95 வீட்டுக் கதை இது. எட்டு மொடத்துக்கும் லினக்ஸ் டிடிஒய்யூஎஸ்பி 0, 1, 2 என்று பெயர் வைக்கிறது. கரண்ட் போய் வந்தால் இந்த வரிசை மாறலாம். எந்த ஓட்டையில் எது என்று நிரந்தரப் பெயர் கட்டி வைக்க வழி இருக்கிறது, பையன் கட்டவில்லை. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயா தவறிய அன்றும் போனது. இரண்டு மொடம் பெயர் மாறி நின்றுவிட்டன. அந்த இரண்டின் பங்கில் இருந்த வீடுகள் காத்துக் கிடந்தன, கடையில் இருந்து மூன்றாம் நாள் தட்டிவிடும் வரைக்கும்.

பிறகு அலுமாரி. மொடத்திடம் சிக்னல் எவ்வளவு என்று கேட்க சிஎஸ்கியூ என்று ஒரு கட்டளை இருக்கிறது. பூச்சியத்தில் இருந்து 31 வரை பதில் சொல்லும், பத்துக்குக் கீழே என்றால் இழுபறி. பூட்டிய அலுமாரிக்குள் 4. கதவைத் திறந்ததும் 9. பெட்டியைத் தூக்கி ஜன்னல் கட்டையில், எதிர்மலைக் கோபுரத்தைப் பார்க்க வைத்ததும் 18. இரும்புப் பெட்டிக்குள் ஏரியலைப் பூட்டி வைத்துவிட்டு 25,000 வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இவ்வளவையும் கவலையீனம் என்று விட்டுவிடலாம். இனிச் சொல்லப் போவதை அப்படி விட முடியாது.

கம்முவின் தரவுத்தளத்தில், வேலை செய்கிற மொடங்களின் பட்டியல் ஒன்று உண்டு. எட்டு வரி இருக்க வேண்டும். ஒரு வரிதான் இருந்தது. தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பட்டியல் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் மொடத்துக்கும் தனித் தனியாக இருக்க வேண்டிய அடையாள எண்) வைத்துத்தான் மொடங்களைப் பிரித்து அறிகிறது. ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தார், எட்டும் ஒரே 15 இலக்கத்தைச் சொல்லின.

"அண்ணே, எட்டுக்கும் ஒரே நம்பர்ண்ணே. ஒரே அடையாள அட்டையை எட்டுப் பேர் வச்சிருக்கிற மாதிரி."

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு வைத்திருக்கும் வசதியில், ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, அந்த எண்ணை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினேன். பதிவில் இல்லை என்று பதில் வந்தது. கடையில் நின்றபோதே இதைச் செய்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை.

அடுத்த வாரமே சிம் ஒவ்வொன்றாகச் செத்தது. ஹட்டனில் போன் கம்பனி அலுவலகத்துக்கு எட்டையும் கொண்டுபோனேன். தனிப்பட்ட பாவனைக்குரிய பெக்கேஜில் மொத்தமாகச் செய்தி அனுப்பியதால் நிறுத்தியிருக்கிறார்கள். திறக்க வேண்டுமானால் சொந்தக்காரர் அடையாள அட்டையோடு வர வேண்டும். சொந்தக்காரர் யார் என்றால் சொல்ல மாட்டார்கள், அது நியாயம்தான். எட்டும் ஒரே ஆளின் பெயரில் இல்லை என்று மட்டும் சொன்னார் அங்கிருந்த தங்கச்சி. யாரோ முகம் தெரியாதவர்களின் நம்பரில் இருந்து இத்தனை நாள் நாங்கள் சாவு அறிவித்திருக்கிறோம். அந்த நம்பர்களில் வேறு யார் வேறு எதை அனுப்பியிருந்தாலும் பெட்டி இருந்த இடம் எங்கள் வாசிகசாலைதான். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மறுபடி கண்டிக்குப் போனோம். கடைக்காரர் தேநீர் வாங்கித் தந்தார். சிம் ப்ளொக் ஆனது கம்பனியின் பிரச்சினை என்றார், அலுமாரியில் வைத்தது எங்கள் விருப்பம் என்றார், ஐஎம்இஐ பற்றிக் கேட்டதும் சிங்களத்துக்கு மாறிப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனார். கடைசியில், பெட்டியைத் திருப்பித் தந்தால் 60,000 தருவதாகச் சொல்கிறார். வாங்கிக்கொள்வோம் என்று பாதிக் கமிட்டி, விடக் கூடாது என்று மீதிக் கமிட்டி. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் அழைத்தேன். பில்லையும் பேச்சுவார்த்தை விபரத்தையும் எழுத்தில் தரச் சொன்னார்கள். உதிரிப் பாகங்கள் என்று எழுதிய அந்தப் பில்தான் எங்களிடம் இருப்பது.

இப்போதைக்கு ஒப்பேற்றுவது 3,500 ரூபாய்க்கு வாங்கிய பழைய டொங்கிள் (யூஎஸ்பியில் செருகும் சின்ன மொடம்) ஒன்றில். செருகியதும் தன்னை சிடி என்று சொல்லிக்கொள்ளும், அதை மொடமாக மாற்ற லினக்ஸில் ஒரு சின்ன வேலை இருக்கிறது, தம்பி செய்து வைத்திருக்கிறார். சிம் தலைவர் பெயரில், பாஸ்வேர்ட் என் கொப்பியில். 380 பேருக்கு அனுப்புவதில்லை. லயத்துக்கு ஒருவர் என்று 46 பேருக்கு மட்டும் அனுப்புகிறோம், மீதியை அவர்கள் வாயால் சொல்லிவிடுகிறார்கள். கொழும்பில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப். மொத்தமாக அனுப்பும் வியாபாரச் சேவையைக் கம்பனியிடமே முறையாகக் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம்.

கண்டியிலோ கம்பளையிலோ எட்டு ஏரியல் உள்ள இதே மாதிரிப் பெட்டியை "லைப்டைம் ப்ரீ" சிம்மோடு வாங்கிய சங்கம், டியூஷன் வகுப்பு, கோவில் யாராவது இருந்தால், உங்கள் பெட்டியின் ஐஎம்இஐ எண்களைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். எட்டும் ஒன்றாக இருந்தால் பில்லைக் கிழித்துப் போடாதீர்கள். வருகிற மாதம் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்கப் போகிறோம், இரண்டு பில்லாகச் சேர்ந்து போனால் நல்லது.